மதிப்பைச் சொல்லும் ஆங்கில மரபுத்தொடர்கள்: யாரிடம், எப்படிச் சொல்வது?

மேலதிகாரியின் முதுகில் தட்டி "நல்லா செஞ்சீங்க" என்று தமிழில் யாரும் சொல்லமாட்டோம். தட்டிக்கொடுப்பது பெரியவர் சின்னவருக்குச் செய்வது என்று நமக்குத் தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் அதே மேலதிகாரிக்கு "யூ டிசர்வ் எ பேட் ஆன் த பேக்" என்று எழுதிவிடுகிறோம். இலக்கணத்தில் பிழையில்லை, பொருளும் சரி. திசைதான் தவறு. படிக்கிறவருக்கு, தன்னைவிட மேலே நின்று ஒருவர் மதிப்பெண் போட்டதுபோல் இருக்கும்.

மதிப்பையும் வியப்பையும் சொல்லும் ஆங்கிலத் தொடர்கள் பெரும்பாலும் இப்படி ஒரு திசையைச் சுமந்துகொண்டுதான் வருகின்றன. சில கீழிருந்து மேலே பார்ப்பவை, சில சமமானவர்களுக்குள் புழங்குபவை, சில மேலிருந்து கீழே வருபவை. அதனால் தொடரைத் தேடும் முன் இரண்டு விஷயங்களை முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் உங்களுக்கு மேலா, சமமா, கீழா? நீங்கள் பாராட்டுவது அவர் செய்த ஒரு செயலையா, அவருடைய திறமையையா, அல்லது ஆளையேவா? இந்த இரண்டும் தெளிந்தால் பாதித் தொடர்கள் தாமாகவே விலகிவிடும்.

ஆளையே அண்ணாந்து பார்க்கிறோம் என்றால் "லுக் அப் டு". ஆசிரியர், மூத்த சகோதரி, வழிகாட்டி போன்றவர்களுக்குப் பொருந்தும்: "ஐ ஹேவ் ஆல்வேஸ் லுக்ட் அப் டு ஹர்." இதில் "டு" விழுந்தால் பொருளே மாறிவிடும். "ஐ லுக்ட் ஹர் அப்" என்றால் அவரைப் பற்றிய விவரம் தேடினேன், அல்லது தேடிப்போய்ப் பார்த்தேன் என்று அர்த்தம். "டு" இருக்கும் இடத்தில் "அட்" போட்டால் வெறுமனே தலையைத் தூக்கிப் பார்த்தது. இன்னொரு பிழை தமிழிலிருந்து வருவது. நம் "மதிக்கிறேன்" என்ற ஒரே சொல் பழக்கத்தையும் குறிக்கும், இப்போது நடப்பதையும் குறிக்கும். அதனால் கை தானாக "ஐ ஆம் லுக்கிங் அப் டு யூ", "ஐ ஆம் ரெஸ்பெக்டிங் யூ" என்று எழுதிவிடுகிறது. மதிப்பு என்பது நிலையான ஒன்று. ஆங்கிலத்தில் அதற்கு "ஐஎன்ஜி" சேர்க்க வேண்டாம். "ஐ லுக் அப் டு யூ", "ஐ ரெஸ்பெக்ட் யூ" போதும்.

செயலைப் பாராட்ட "ஹேட்ஸ் ஆஃப்". தொப்பியைக் கழற்றி மரியாதை காட்டிய ஐரோப்பிய வழக்கத்திலிருந்து வந்தது. நாம் அன்றாடம் சொல்வதும் இதுதான், அடிக்கடி தவறாக எழுதுவதும் இதுதான். "ஐ ஹேட்ஸ் ஆஃப் யூ" என்று ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் இல்லை, ஏனென்றால் "ஹேட்ஸ் ஆஃப்" வினைச்சொல் அல்ல. அதை வாக்கியத்தின் முதலில் வைத்து, பின்னால் "டு" சேருங்கள்: "ஹேட்ஸ் ஆஃப் டு த நர்சஸ்." வினைச்சொல் வேண்டுமென்றால் "ஐ டேக் மை ஹேட் ஆஃப் டு த நர்சஸ்". இங்கே தொப்பி ஒருமை, உங்கள் தலையில் இருப்பது ஒன்றுதானே. எதற்காகப் பாராட்டுகிறோம் என்பதை "ஃபார்" போட்டுச் சேர்த்தால்தான் தொடருக்கு உயிர் வரும்: "ஃபார் ஸ்டேயிங் ஆல் நைட்." காரணம் இல்லாத பாராட்டு சம்பிரதாயமாக மட்டுமே காதில் விழும். பேச்சிலும் குறுஞ்செய்தியிலும் இது அழகு. அலுவலகக் கடிதத்துக்கு ஒட்டாது.

கடிதத்துக்கு உரியது "ஹோல்ட் இன் ஹை எஸ்டீம்". பரிந்துரைக் கடிதம், விருது அறிமுகம், இரங்கல் செய்தி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆளின் பெயர் நடுவில் வரும்: "வீ ஹோல்ட் ஹர் இன் ஹை எஸ்டீம்." செயப்பாட்டில் "ஷீ இஸ் ஹெல்ட் இன் ஹை எஸ்டீம்". "ஹை"க்கு முன் "எ" சேர்க்கக் கூடாது. இதைவிடச் சற்று இலகுவானது "திங்க் ஹைலி ஆஃப்". அதன் பக்கத்திலேயே இருக்கும் "திங்க் த வேர்ல்ட் ஆஃப்" வேறு வகை. அதில் மதிப்போடு பாசமும் கலந்திருக்கிறது. பாட்டியைப் பற்றிச் சொல்லலாம், வேலைக்கு விண்ணப்பிப்பவரைப் பற்றி எழுதக் கூடாது.

உப்பு வரும் தொடர்களில் கொஞ்சம் நின்று போக வேண்டும். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று வளர்ந்தவர்களுக்கு உப்பு என்றால் நன்றி, விசுவாசம். ஆங்கிலத்தில் "வொர்த் ஹிஸ் சால்ட்" என்றால் விசுவாசம் அல்ல, வேலையில் கெட்டிக்காரத்தனம். நம் "உப்புப் பெறாத" என்பதைத் திருப்பிப் போட்டால் கிட்டத்தட்ட அந்தப் பொருள் கிடைக்கும். இது பெரும்பாலும் "எனி" உடன், பொதுப்படையாக வரும்: "எனி எடிட்டர் வொர்த் ஹர் சால்ட் வுட் ஸ்பாட் திஸ்." ஒருவரை நேரில் பார்த்து "யூ ஆர் வொர்த் யுவர் சால்ட்" என்றால் கொடுத்த சம்பளத்துக்குக் குறையில்லை என்று முதலாளி சொல்வதுபோல் ஆகிவிடும். "சால்ட் ஆஃப் தி எர்த்" முற்றிலும் வேறு. பைபிளில் மத்தேயு 5:13இல் "நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்" என்று வருவதே அதன் வேர். ஆடம்பரமில்லாத, நேர்மையான நல்ல மனிதரைக் குறிக்கும். திறமையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அதனால் நிபுணர் ஒருவரை அறிமுகப்படுத்தும்போது இதை மட்டும் சொன்னால், அவருடைய நிபுணத்துவத்தை விட்டுவிட்டோம் என்றே பொருள்படும்.

திறமைக்கு "செகண்ட் டு நன்" (யாருக்கும் சளைத்தவர் அல்ல), "எ கட் அபவ் த ரெஸ்ட்" (மற்றவர்களைவிட ஒரு படி மேல்) இரண்டும் பாதுகாப்பானவை. "கேன்ட் ஹோல்ட் எ கேண்டில் டு" கவனமாகக் கையாள வேண்டியது. நம் "கால் தூசிக்குப் பெறமாட்டான்" மாதிரி, ஒருவரை உயர்த்த இன்னொருவரை மட்டம் தட்டுகிறது. இதை எதிர்மறையாகத்தான் சொல்வார்கள். "ஐ கேன்ட் ஹோல்ட் எ கேண்டில் டு ஹர்" என்று தன்னையே தாழ்த்திச் சொன்னால் பணிவு, மூன்றாமவர் பெயரை வைத்தால் வம்பு.

பாராட்டு போலவே தோன்றி, பாராட்டாக இல்லாதவையும் உண்டு. "புட் ஆன் எ பெடஸ்டல்" என்றால் பீடத்தில் ஏற்றுவது. நாம் "தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்" என்னும்போது அதில் இருக்கும் குறைசொல்லல் இதிலும் இருக்கிறது. அவர் குறைகள் கண்ணில் படவில்லை என்பதே உட்பொருள். அந்தக் குறை வெளிப்பட்டால் வருவது "ஃபீட் ஆஃப் கிளே". பைபிளில் தானியேல் 2ஆம் அதிகாரத்தில் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் கனவில் கண்ட சிலைக்குத் தலை பொன், பாதமோ பாதி இரும்பு, பாதி களிமண்.

எல்லாவற்றையும் விட ஆளைக் கவிழ்ப்பது "வித் ஆல் ட்யூ ரெஸ்பெக்ட்". "உரிய மரியாதையுடன்" என்று நேராக மொழிபெயர்த்துக் கடிதத்தின் தொடக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். ஆங்கிலம் பேசுகிறவர் காதில் அது "நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை" என்பதற்கான முன்னறிவிப்பு. நன்றிக் கடிதத்தில் அது வந்தால், அடுத்த வரியில் என்ன சண்டையோ என்று படிப்பவர் காத்திருப்பார்.

பணி ஓய்வு பெறும் மேலாளருக்கு ஒரு வாழ்த்து அட்டை எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரைவு: "ஹேட்ஸ் ஆஃப் டு யூ. வீ புட் யூ ஆன் எ பெடஸ்டல். யூ ஆர் செகண்ட் டு நன்." மூன்று வரி, மூன்று தொடர், ஒரு காரணம்கூட இல்லை; நடுவில் இருப்பது குறைசொல்லும் தொடர். திருத்தினால்: "வீ ஹேவ் ஆல்வேஸ் லுக்ட் அப் டு யூ ஃபார் லிஸனிங் பிஃபோர் டிசைடிங். யூ லீவ் பிக் ஷூஸ் டு ஃபில்." தொடர் இரண்டுதான். முதலாவது ஆளையும் காரணத்தையும் சொல்கிறது, இரண்டாவது அவர் விட்டுப்போகும் இடத்தின் அளவைச் சொல்கிறது. அந்த "பிக் ஷூஸ்" வரியைப் போகிறவரிடம் மட்டும் சொல்லுங்கள். புதிதாகப் பொறுப்பேற்பவரிடம் சொன்னால் அது மிரட்டலாகக் கேட்கும்.

எந்தத் தொடரிலாவது திசை பிடிபடவில்லை என்றால் அதை விட்டுவிட்டு "ஐ அட்மையர் த வே யூ" என்று தொடங்கி, அவர் செய்ததை அப்படியே எழுதுங்கள்: "ஐ அட்மையர் த வே யூ எக்ஸ்ப்ளெயின் திங்ஸ்." மேலே, கீழே, சமம் எல்லாருக்கும் இது பொருந்தும்.