ஆர்க்கிட் பூவுக்குள் கரு வளர்வதை நேரில் பார்ப்பது எப்படி?

பெரும்பாலான செடிகளில் மொட்டு விரியும்போதே சூற்பைக்குள் சூல்கள், அதாவது பின்னால் விதையாகும் பகுதிகள், தயாராக இருக்கும். ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலும் அப்படி இல்லை. மகரந்தம் வந்து ஒட்டிய பிறகுதான் சூல் உண்டாகும் வேலையே முழுமூச்சாகத் தொடங்கும். ஆகவே சில பூக்களுக்கு நாமே மகரந்தம் வைத்து, இடைவெளி விட்டு ஒவ்வொரு காயாக அறுத்துப் பார்த்தால், கரு உருவாகும் கதையை முதலிலிருந்து பார்த்துவிடலாம். தாவரக் கருவியல் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் செடி இதுதான்.

என்னென்ன வேண்டும்

ஐந்தாறு பூ விட்ட ஃபலனாப்சிஸ் (ஒரு வகை ஆர்க்கிட்) செடிகள் இரண்டு, பல்குச்சி, புது பிளேடு, கைலென்ஸ், சாதாரண மைக்ரோஸ்கோப், ஸ்லைடு, தேதி எழுதிக் கட்ட அட்டை. செடி ஏன் இரண்டு? தன் மகரந்தத்தையே வைத்தால் சில செடிகளில் காய் பாதியில் உதிர்ந்துவிடும். கலப்பின வகைகளில் மலட்டுச் செடிகளும் உண்டு.

படி 1: மகரந்தம் வைப்பது

விரிந்து சில நாள் ஆன பூவை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சிறு தூண் நீட்டிக்கொண்டிருக்கும். ஆண் பகுதியும் பெண் பகுதியும் ஒன்றாக இணைந்தது அது. அதன் நுனியைப் பல்குச்சியால் அடியிலிருந்து மெல்ல மேலே நெம்பினால் வெள்ளை மூடி கழன்றுவிடும். இரண்டு மஞ்சள் உருண்டைகள் ஒரு பசைக் காம்போடு குச்சியில் ஒட்டிக்கொண்டு வரும். ஆர்க்கிட்டின் மகரந்தம் பொடியாக உதிராது, இப்படித் திரளாகத்தான் இருக்கும்.

இனி மற்றச் செடியின் பூவுக்குப் போங்கள். முதலில் அதன் மூடியையும் உருண்டைகளையும் இதேபோல் எடுத்துவிடுங்கள். தூணின் கீழ்ப்புறத்தில், நுனிக்குச் சற்று உள்ளே, ஈரமாக மினுங்கும் ஒரு குழி தெரியும். அதுதான் சூலகமுடி, மகரந்தத்தை ஏற்கும் இடம். கொண்டுவந்த உருண்டைகளை அதில் அழுத்தி வையுங்கள். தேதியைக் கட்டிவிடுங்கள்.

வாரக்கணக்கில் வாடாமல் நிற்கக்கூடிய பூ, ஓரிரு நாளில் தொங்கிவிடும். பயப்பட வேண்டாம், எத்திலீன் வாயு செய்யும் வேலை அது. தூண் பருத்துக் குழியை மூடிக்கொண்டால் காரியம் கைகூடியது என்று அர்த்தம்.

படி 2: அறுத்துப் பார்ப்பது

முதலில் மகரந்தம் வைக்காத ஒரு பூவை அறுங்கள். பூவுக்குப் பின்னால் காம்பு மாதிரித் தெரிகிறதே, அதன் மேற்பகுதிதான் சூற்பை. குறுக்கே மெல்லிய வில்லையாகச் சீவி லென்ஸில் பாருங்கள். சுவரில் மூன்று இடங்களில் மேடுகள் மட்டும் இருக்கும், முழுமையான சூல் ஒன்றுகூட இருக்காது. இதைப் படம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட இது இல்லாமல் முடியாது.

அடுத்தது, மகரந்தம் வைத்த பூவில் ஐந்தாவது வாரம் வாக்கில். மேடுகள் கிளைகிளையாகப் பிரிந்து, நுனிகளில் சூல்கள் அரும்பத் தொடங்கியிருக்கும். அவற்றை ஒட்டிப் பட்டுநூல் கற்றை போல வெள்ளையாக ஒன்று ஓடும். அத்தனையும் மகரந்தக்குழாய்கள்! ஆண் செல்களைச் சுமந்து வந்த குழாய்கள், சூல்கள் வளர்ந்து முடியும்வரை அங்கேயே காத்திருக்கின்றன. கருவுறுதல் நடக்க இரண்டு முதல் மூன்று மாதம் ஆகலாம். வகைக்கு வகை மாறும்.

நான்காவது மாதம் ஒரு காயை அறுத்து, உள்ளிருப்பதை ஊசியால் சுரண்டி ஒரு சொட்டு நீரில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். விதையுறை மெல்லியதாக இருந்தால் உள்ளே உருண்டைக் கரு தெரியும். அதிலிருந்து நீண்ட குழாய் போன்ற சில செல்கள் கிளம்பியிருக்கும். இவை சஸ்பென்சர் செல்கள், தாய்ச்செடியிலிருந்து கருவுக்கு உணவு வாங்கித் தருபவை. நெல்லிலும் தேங்காயிலும் கருவுக்கு உணவாக இருக்கும் கருவூண் இங்கே வளர்வதில்லை, தொடக்கத்திலேயே நின்றுபோகிறது. அதனால் இந்தச் செல்களைத் தேடிப் பார்க்காமல் விடாதீர்கள்.

படி 3: முற்றிய விதை

காய் முற்ற ஐந்து முதல் ஏழு மாதம் ஆகும். விதை தூசு போலிருக்கும். விதையிலை கிடையாது, முளைவேர் கிடையாது, சேமித்த உணவும் மிகக் குறைவு. அதனால் மண்ணில் தூவினால் மட்டும் முளைக்காது. இயற்கையில் ஒரு பூஞ்சை உள்ளே நுழைந்து ஊட்டினால்தான் முளைக்கும் என்று பிரான்சின் நோயல் பெர்னார் 1899-இல் கண்டார். பூஞ்சை இல்லாமலே சர்க்கரை சேர்த்த ஊடகத்தில் (சத்துக்கூழில்) முளைக்க வைக்கலாம் என்று லூயிஸ் நட்சன் 1922-இல் காட்டினார்.

விதைக்கும் எண்ணம் இருந்தால் காய் வெடிக்கும் முன்பே பறித்துவிடுங்கள். வெடிக்காத காயின் உட்புறம் கிருமியில்லாமல் இருக்கும். வெளித்தோலை மட்டும் கிருமி நீக்கினால் போதும். காயைத் திறந்ததும், விதைக்கும் முன் கொஞ்சம் விதையை ஸ்லைடில் பரப்பி 100 விதைகளை எண்ணுங்கள். நடுவில் முட்டை வடிவக் கரு உள்ளவை எத்தனை, வெறும் உறையாக இருப்பவை எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் வெறும் உறையாக இருந்தால், அடுத்த தடவை வேறு செடியின் மகரந்தத்தை வைத்துப் பாருங்கள்.