மொரித்தானியா சாலைப் பயணத்துக்கு ஒரு கட்டு ஜெராக்ஸ்

மொரித்தானியாவில் காரிலோ பைக்கிலோ சுற்றப் போகிறவர்கள், பாஸ்போர்ட் விவரங்களை ஒரே தாளில் பிரெஞ்சில் அடித்து, முப்பது பிரதியாவது எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், பிறந்த தேதி, நாடு, தொழில், பாஸ்போர்ட் எண், விசா எண், வண்டி எண், எங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்பது வரை இருக்கட்டும். நாட்டுக்குள் நுழைந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டு, பிறகு பேனாவால் நிரப்பிக்கொள்ளலாம்.

வடக்கே உள்ள துறைமுக நகரமான நுவாதிபூவிலிருந்து தலைநகர் நுவாக்‌ஷோட் வரை சுமார் 470 கிலோமீட்டர். வழியில் சோதனைச் சாவடிகள் வந்துகொண்டே இருக்கும். அங்குள்ள காவலர் “ஃபிஷ்?” (fiche, பிரெஞ்சில் விவரத் தாள்) என்று கேட்டால் இந்தத் தாளைத்தான் கேட்கிறார். கொடுத்தால் பெரும்பாலும் உடனே கிளம்பிவிடலாம். இல்லையென்றால் அவர் பாஸ்போர்ட்டை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக நோட்டில் எழுதி முடிக்கும்வரை வெயிலில் நிற்க வேண்டியதுதான். பாலைவனத்தில் ஜெராக்ஸ் கடை தேட முடியாது. ஊரிலேயே எடுத்துவிடுவது நல்லது.

எல்லையிலும் விமான நிலையத்திலும் இது செல்லாது, அசல் பாஸ்போர்ட்தான் வேண்டும். நுவாக்‌ஷோட் நகரத்துக்குள் மட்டும் இருப்பவர்களுக்கு இவ்வளவு பிரதி தேவைப்படாது.