ஆப்டிகல் ஆடியோவ ரெண்டா பிரிக்கறப்ப நம்மூர்ல நடக்கற தப்புங்க

ஹால்ல அசெம்பிள் பண்ணுன 5.1 ஆம்ப் (அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் ஓட்டற ஆம்ப்ளிஃபயர்) ஓடணும், அதே டிவி சத்தம் உள் ரூம்ல அப்பா காதுல மாட்டியிருக்கற வயர்லெஸ் ஹெட்போனுக்கும் போகணும், ஆனா டிவி பின்னாடி ஆப்டிகல் அவுட் (சத்தத்த வெளிச்சமா அனுப்பற சாக்கெட்) ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். சேலத்துல இந்த மாதிரி செட்டப் நிறைய வீட்ல பாக்கலாம். உடனே ஆன்லைன்ல ஒண்ண ரெண்டா பிரிக்கற ஒரு ஸ்ப்ளிட்டர் ஆர்டர் போட்டுடறாங்க, வந்ததும் மாட்டறாங்க, ஒரு பக்கம் பாடுது இன்னொரு பக்கம் பாடல, அப்புறம் "பீஸ் டூப்ளிகேட்டுங்க"ன்னு ரிட்டர்ன். பெரும்பாலும் பீஸ்ல ஒண்ணும் கோளாறு இருக்காதுங்க.

முதல் தப்பு, இருக்கறதுலயே பெரிய தப்பும் இதுதான்: ரெண்டு முனையிலயும் என்ன பொட்டி இருக்குன்னு பாக்காம பிரிக்கறது. ஆப்டிகல்ங்கறது ஒன்வே. 1983ல தோஷிபா கம்பெனி சிடி பிளேயருக்காக கொண்டு வந்த டாஸ்லிங்க்தான் இது, சிவப்பு எல்இடி வெளிச்சம் ஒரு மில்லிமீட்டர் ப்ளாஸ்டிக் இழைக்குள்ள போகுது, அவ்வளவுதான். எச்டிஎம்ஐல ஆம்ப் டிவிகிட்ட "எனக்கு இந்த இந்த ஃபார்மட் புரியும்"னு சொல்லும், இங்க அந்த பேச்சுவார்த்தையே கிடையாது, டிவி பாட்டுக்கு அனுப்பும், எதிர்ல இருக்கறவன் பாத்துக்கணும். இப்ப டிவி செட்டிங்க்ஸ்ல டால்பி டிஜிட்டல்னு (5.1 சத்தத்த சுருக்கி அனுப்பற ஃபார்மட்) வெச்சா 5.1 டிகோடர் போர்டு இருக்கற ஆம்ப் ஜம்முனு எடுத்துக்கும், ஆனா ஹெட்போனுக்கு முன்னாடி மாட்டியிருக்கற சின்ன டாக் பொட்டிக்கு (டிஜிட்டல் சிக்னல சாதாரண ஆடியோவா மாத்தறது) பெரும்பாலும் பிசிஎம் (சுருக்காத சாதா டிஜிட்டல் சத்தம்) மட்டும்தான் தெரியும், அதனால அங்க ஒண்ணு சத்தமே வராது இல்லன்னா காது கிழியற மாதிரி கரகரன்னு இரையும். சரின்னு டிவிய பிசிஎம்முக்கு மாத்துனா ஹெட்போன் பாடிடும், ஆனா ஹால்ல அஞ்சு ஸ்பீக்கர்னு ஆசையா மாட்டுனது ரெண்டு சேனல் ஸ்டீரியோவா சுருங்கிடும், ஏன்னா ஆப்டிகல்ல பிசிஎம் ரெண்டு சேனலுக்கு மேல போகாது. ஸ்ப்ளிட்டர் வெளிச்சத்த காப்பி மட்டும்தான் அடிக்கும், ஒரு பக்கம் டால்பி ஒரு பக்கம் பிசிஎம்னு மாத்தி குடுக்காது. ரெண்டும் வேணும்னா ஹெட்போன் பக்கம் டால்பி, அதே மாதிரி இன்னொரு ஃபார்மட்டான டிடிஎஸ், ரெண்டையும் டிகோட் பண்ற டாக்கா பாத்து வாங்குங்க, விலை கொஞ்சம் கூட, வேற வழி இல்ல. அட்மாஸ் (தலைக்கு மேல இருந்தும் சத்தம் வர்ற டால்பி வகை) எதிர்பாத்து யாரும் ஆப்டிகல் பக்கம் வந்துடாதீங்க, அது இதுல வராது.

அடுத்தது ஒய் மாதிரி இருக்கற கரண்ட் இல்லாத ஸ்ப்ளிட்டர். வர்ற வெளிச்சத்தையே ரெண்டா பங்கு போட்டு அனுப்பும், ஆளுக்கு பாதி கூட சரியா கிடைக்காது. ஒரு மீட்டர் கேபிள்னா ஓடிடும், அஞ்சு மீட்டர் இழுத்தா சத்தம் விட்டு விட்டு வரும். அஞ்சு வோல்ட் அடாப்டர் போட்டு ஓடற ஆக்டிவ் டைப் வாங்குனா அது சிக்னல வாங்கி புதுசா அனுப்பும், இந்த தலைவலி இல்ல. வாங்கறப்ப 1 இன் 2 அவுட்னு எழுதியிருக்கான்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவ பாருங்க, அச்சு அசலா அதே மாதிரி இருக்கற 2 இன் 1 அவுட் ஸ்விட்ச்ச அனுப்பி விட்டுடுவாங்க, அது டிவியும் செட்டாப் பாக்ஸும் ஒரே ஆம்ப்புக்கு குடுக்கறதுக்கு. அந்த வேலைக்கு ஒய் கேபிள திருப்பி மாட்டுனா ஆகாதான்னு கேக்கறவங்க இருக்காங்க, ரெண்டு பொட்டியும் ஆன்ல இருந்தா ரெண்டு வெளிச்சமும் கலந்து ஆம்ப்புக்கு தலையும் புரியாது வாலும் புரியாது.

இப்ப வயரிங். வீடு கட்டறப்பவே பைப்புல கன்சீல்டா விட்டுடலாம்னு எலக்ட்ரீசியன்கிட்ட குடுத்தா, அவரு கரண்ட் வயர இழுக்கற மாதிரியே இழுத்து ஜங்ஷன் பாக்ஸ் மூலையில ஏற்காடு ஹேர்பின் பெண்டு மாதிரி மடக்கி விட்டுடுவாரு. மலை ரோட்ல பஸ் திரும்பிடும், வெளிச்சம் அப்படி திரும்பாது, கசிஞ்சு போயிடும், இழை உள்ள விரிசல் விட்டா கேபிள தூக்கி போட வேண்டியதுதான். வளைவு கொஞ்சம் அகலமா இருக்கணும், மொத்த நீளம் அஞ்சு மீட்டருக்குள்ள முடிஞ்சா நல்லது, தரமான கேபிள்னா பத்து வரைக்கும் பாக்கலாம். முனையில இருக்கற குட்டி ப்ளாஸ்டிக் மூடிய கழட்டாமலே குத்திட்டு சத்தம் வரலன்னு போன் பண்றவங்களும் உண்டு, சிரிக்காதீங்க, அது கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கறதால தெரியவே தெரியாது.

ஹம், அதாவது ஸ்பீக்கர்ல ம்ம்ம்னு இரையறது, அத பத்தி யாரும் அவ்வளவா பேசறதில்ல. ஆப்டிகல்ல கரண்ட் பாயாது, அதனால கேபிள் டிவி வயர்ல இருந்து வர்ற எர்த் லூப் இரைச்சல் (ரெண்டு பொட்டியோட எர்த்தும் வயர் வழியா ஒண்ணு சேர்றதால வர்றது) ஆம்ப்புக்கு ஏறாது, ஏற்காட்ல இடி மின்னல் சீசன்ல டிஷ் வழியா ஏதாச்சும் வந்தாலும் இந்த ஒரு கேபிள் வழியா ஆம்ப்புக்கு தாண்டாது (ப்ளக் பாயிண்ட் வழியா வர்றத இது தடுக்காது, இடி விழுந்தா ப்ளக்க புடுங்கிடுங்க). ஆனா நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க, டாக் பொட்டிய டிவி பின்னாடியே ஒட்டி, டிவி யுஎஸ்பில இருந்தே அதுக்கு பவர் எடுத்து, அங்கிருந்து ஆம்ப்புக்கு நீளமா ஆர்சிஏ வயர் (சிவப்பு வெள்ளை முனை இருக்கற சாதா ஆடியோ வயர்) இழுக்கறாங்க. டிவி எர்த்தும் ஆம்ப் எர்த்தும் மறுபடி ஒண்ணு சேந்துடுச்சு, ம்ம்ம்னு ஹம் வந்து உக்காந்துக்கும். டாக்க ஆம்ப் பக்கத்துல வைங்க, பவர தனி அடாப்டர்ல குடுங்க, ஆப்டிகல்ல நீளமா விட்டு ஆர்சிஏவ சின்னதா வைங்க.

ரெண்டு ரூம்ல ரெண்டு ஆம்ப் ஓடுனா எக்கோ வரும், ஒவ்வொரு பொட்டியும் ப்ராசஸ் பண்ற நேரம் வேற வேற, அதுலயும் ப்ளூடூத் இருந்தா இன்னும் லேட். முந்தி பாடற பக்கத்துல ஆடியோ டிலே செட்டிங் இருந்தா, அத கூட்டி மத்ததோட சேத்துக்கலாம். வால்யூம் விஷயமும் தெரிஞ்சுக்குங்க, டிவி ரிமோட்ல கூட்டுனா குறைச்சா ஆப்டிகல் சத்தம் பெரும்பாலான டிவில மாறாது, அப்பா கைல தனி வால்யூம் இருக்கற ஹெட்போனா குடுங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு பாத்துடுங்க. டிவில எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவி சத்தத்த எச்டிஎம்ஐ கேபிள்லயே ஆம்ப்புக்கு திருப்பி அனுப்பற வசதி) இருந்து, ஆம்ப்போ சவுண்ட்பாரோ அத எடுத்துக்கும்னா, அத ஏஆர்சில மாட்டிட்டு ஆப்டிகல ஹெட்போனுக்கு மட்டும் விட்டுடலாம், ஸ்ப்ளிட்டரே வேணாம். சில டிவி ரெண்டுலயும் ஒரே நேரத்துல சத்தம் விடும், சிலது ஏஆர்சி செலக்ட் பண்ணுனதும் ஆப்டிகல கட் பண்ணிடும், புது டிவி வாங்கறவங்க கடையிலயே மாட்டி காட்ட சொல்லுங்க. ரெண்டும் வேல செஞ்சாலும் டிஜிட்டல் அவுட் ஃபார்மட் செட்டிங் சில டிவில ரெண்டுக்கும் சேத்து ஒண்ணுதான் இருக்கும், அப்ப மேல சொன்ன அதே டால்பி பிசிஎம் தகராறு இங்கயும் வரும்.