மெலிந்த கிட்டார் டோனுக்கு எந்த பெடல் வாங்கலாம்?

ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்) வகை எலக்ட்ரிக் கிட்டாரில் பிரிட்ஜ் பிக்கப்பை, அதாவது கம்பிகள் முடியும் பிரிட்ஜ் ஓரத்தில் அவற்றின் அசைவைப் பிடிக்கும் காந்தச் சுருளைப் போட்டு, கிளீன் (கரகரப்பில்லாத) ஆம்பில் வாசித்தால் தகரத்தைத் தட்டுவது போலக் கேட்கிறதா? காசை எடுப்பதற்கு முன் கிட்டாரைப் பாருங்கள். பிரிட்ஜ் ஓரத்தில் கம்பி குறைவாகவே அசையும், அதனால் அங்கே கீழ் ஒலி மெலிந்து மேல் ஒலிதான் தூக்கலாக வரும். போதாததற்கு பழைய ஸ்ட்ராட் வயரிங்கில் அந்த பிக்கப்புக்கு மேல் ஒலியைக் குறைக்கும் டோன் நாபே கிடையாது. இரண்டாவது டோன் நாபை அதற்கும் இணைத்து கொஞ்சம் குறைத்தாலே காதைக் குத்துவது அடங்கும், செலவும் அதிகமில்லை.

அப்புறமும் போதவில்லை என்றால்தான் பெடல், அதாவது கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே காலடியில் வைத்து ஒலியை மாற்றும் பெட்டி. ஆம்பில் பேஸைக் கூட்டினால் தடிப்பு வரும் என்று நினைக்காதீர்கள். பேண்டோடு சேர்ந்து வாசிக்கும்போது அந்த இடத்தை பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் பிடித்துக்கொள்ளும். கிட்டாரின் உடம்பு இருப்பது ஏறக்குறைய 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை, அதாவது மிட்ஸில் (நடு ஒலிகளில்).

அதனால் நான் முதலில் சொல்வது ஈக்யூ பெடல், கீழ், நடு, மேல் ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பது. பாஸ் ஜிஇ-7-ல் 100 ஹெர்ட்ஸ் முதல் 6.4 கிலோஹெர்ட்ஸ் வரை ஏழு ஸ்லைடர்கள், ஒவ்வொன்றும் 15 டெசிபல் ஏறும், இறங்கும். 400, 800 ஹெர்ட்ஸ் இரண்டையும் நாலைந்து டெசிபல் ஏற்றி, 3.2 கிலோஹெர்ட்ஸைச் சற்று இறக்கிப் பாருங்கள், அதே கிட்டார்தானா என்று தோன்றும்.

கொஞ்சம் கரகரப்பும் வேண்டும் என்பவர்களுக்கு டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ். அது மிட்ஸைத் தூக்கிக் காட்டும் மேடு 720 ஹெர்ட்ஸ் அருகில் இருக்கிறது. டிரைவை (கரகரப்பு நாபை) குறைத்து லெவலை ஏற்றி வால்வ் ஆம்பைத் தள்ளுங்கள். அது பேஸைக் கொஞ்சம் வெட்டும், தனியாக வாசிக்கும்போது அது குறையாகத் தெரியலாம், ஆனால் பேண்டில் அதுதான் கிட்டாரை முன்னால் கொண்டுவரும். பிக் மஃப் வகை ஃபஸ் (கனத்த கரகரப்பு தரும் பெடல்) இதற்கு நேர்மாறு, வீட்டில் மலை மாதிரி இருக்கும், மிட்ஸ் குழிந்திருப்பதால் பேண்டில் காணாமல் போகும். கம்ப்ரஸர் சுரத்தை நீட்டும், கோரஸ் அகலமாக்கும், இரண்டும் தடிப்புக்கு மாற்று இல்லை.

கடைக்கு உங்கள் கிட்டாரையே கொண்டுபோங்கள். பெடலை அணைத்தாலும் போட்டாலும் சத்தம் ஒரே அளவாக இருக்கும்படி லெவலை வைத்துவிட்டுக் கேளுங்கள், ஏனென்றால் சத்தம் கூடினாலே எந்த பெடலும் தடிப்பாகத்தான் கேட்கும்.