பழைய மின்காந்த ஆய்வைப் படிப்பது எப்படி?

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். “மின்காந்தப் புலம் உடம்பைப் பாதிக்கும்னு நூறு வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுட்டாங்களாமே சார்?” என்று, செல்போன் டவரை மனதில் வைத்துக் கேட்பார்கள். கண்டுபிடித்தது உண்மைதான். எதைக் கண்டுபிடித்தார்கள் என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

முதலில், புலம் நிலையானதா மாறுகிறதா என்று தேடுங்கள். 1892-ல் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் பீட்டர்சனும் கென்னலியும் வலுவான நிலைக் காந்தப்புலத்தில் ஒரு நாயையும் பிறகு ஒரு சிறுவனையும் வைத்துப் பார்த்தார்கள். ஒரு விளைவும் தெரியவில்லை. 1896-ல் பிரான்சில் தார்சன்வால், மாறுமின்னோட்டம் பாயும் பெரிய கம்பிச்சுருளுக்குள் தலையை வைத்தால் கண்ணில் ஒளி மினுங்குகிறது, தலை சுற்றுகிறது என்றார். மாறும் புலம் உடம்புக்குள் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. பாடத்தில் வரும் அதே ஃபாரடே விதிதான். 1911-ல் மேக்னசனும் ஸ்டீவன்சும் நேர்மின்னோட்டத்தில் செய்தபோதும், ஸ்விட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும், அதாவது புலம் மாறும் அந்த நொடிகளில், ஒளி தெரிந்தது.

அப்புறம் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிர்வெண் இல்லாமல் எந்த முடிவையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தார்சன்வாலின் சுருளில் 42 ஹெர்ட்ஸ், 30 ஆம்பியர். கண் மிக எளிதாக உணர்வது 20 ஹெர்ட்ஸ் அளவில்; அதற்கே சுமார் 10 மில்லிடெஸ்லா வேண்டும், அதாவது பூமியின் காந்தப்புலத்தைப் போல 200 மடங்கு. இதே தார்சன்வால்தான், நொடிக்குப் பல ஆயிரம் அலைவுகளைத் தாண்டினால் மின்னோட்டம் தசையைச் சுண்டாது என்றும் காட்டினார். அந்த வேகத்துக்கு நரம்பு ஈடுகொடுக்காது, உடம்பு சூடாவதுதான் மிஞ்சும். பிறகு வந்த, உயர் அதிர்வெண் மின்சாரத்தால் உடம்பைச் சூடாக்கும் டயாதெர்மி சிகிச்சைக்கு வழி அங்கே திறந்தது. அவருடைய 42 ஹெர்ட்ஸ் முடிவை 900 மெகாஹெர்ட்ஸ் டவர்மேல் ஏற்றிச் சொல்பவரிடம் இந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்.

சோதனைக்கு உட்பட்டவருக்கு மின்சாரம் பாய்வது தெரியுமா என்பதையும் விடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் இரைச்சல் காதில் விழுந்தால் எதிர்பார்ப்பே ஒளியைக் காட்டிவிடலாம். டன்லப் 1911-லேயே அந்தக் கோணத்தில் யோசித்தார். எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

கடைசியாக, விளைவு உடம்பில் எங்கே நடக்கிறது என்று பிறகு யாராவது தேடினார்களா பாருங்கள். 1947-ல் பார்லோவும் கூட்டாளிகளும் விழியை அழுத்தினால் அந்த ஒளி மறைவதைக் கண்டு, ஆரம்பம் விழித்திரையில் என்றார்கள். இன்றும் குறைந்த அதிர்வெண் புலங்களுக்கான சர்வதேச வரம்புகளை வகுக்கும்போது இந்த மினுமினுப்பைக் கணக்கில் எடுக்கிறார்கள்.