செண்பகம்: கன்று வாங்குவது முதல் பூப் பறிப்பது வரை

செண்பகக் கன்று வாங்கப் போனால், அது விதைக்கன்றா ஒட்டுக்கன்றா என்று முதலில் கேளுங்கள். விதைக்கன்று பூக்க 8, 10 வருடம்கூட ஆகும். ஒட்டு 2, 3 வருடத்தில் பூத்துவிடும். சிலது நர்சரிப் பையிலேயே மொட்டு விட்டிருக்கும். விதைக்கன்றையே ஒட்டு என்று தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. அதனால் அடித்தண்டைத் தடவிப் பாருங்கள்: ஒட்டு என்றால் ஒட்டிய இடத்தில் தழும்பும் சிறு புடைப்பும் பெரும்பாலும் தெரியும். வெள்ளைச் செண்பகம் விதை பிடிப்பதே அரிது, அதை ஒட்டாகவோ பதியனாகவோதான் வாங்க வேண்டும்.

விதையிலிருந்துதான் வளர்ப்பேன் என்றால், காய் வெடித்துச் சிவப்பு விதை தெரிந்ததுமே எடுத்துவிடுங்கள். மேலே உள்ள எண்ணெய்ப் பசையான சதையை மணலோடு தேய்த்துக் கழுவி, ஒரு வாரத்துக்குள் நிழலில் விதைக்க வேண்டும். காயவைத்து டப்பாவில் போட்டு வைத்தால் முளைப்புத்திறன் போய்விடும்.

வீட்டுச் சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி, தினமும் 5, 6 மணி நேரம் வெயில் படும் இடமாகப் பார்த்து 2 அடி ஆழ அகலத்தில் குழி எடுங்கள். புதிதாகக் கட்டிய வீடானால் மண்ணில் சிமென்ட், சுண்ணாம்புக் கழிவு கிடக்கும். அதை முழுக்க அள்ளிவிட்டுச் செம்மண் போடுவது நல்லது. 5 கிலோ மக்கிய தொழு உரம், கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்தால் போதும். களிமண் தரையில் குழி எடுப்பதைவிட ஒரு அடி மேடு கட்டி நடுவது மேல், குழி மழையில் கிணறாகிவிடும்.

செண்பகத்தின் வேர் சதைப்பற்றானது, அடிபட்டால் லேசில் தேறாது. பையைப் பிளேடால் கிழித்து, மண்கட்டி உடையாமல் இறக்குங்கள். ஒட்டுத் தழும்பு தரைக்கு மேல் 4 விரற்கடையாவது நிற்க வேண்டும். இடம் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு நடவே வேண்டாம். தழும்புக்குக் கீழே துளிர்ப்பது அடிக்கன்றின் (ஒட்டுக்கு வேர் தரும் கன்றின்) கிளை, கண்டவுடன் கிள்ளிவிடுங்கள். விட்டால் அது ஓங்கி, ஒட்டு சாகும்.

முதல் வருடம் மேல்மண் 2 அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். காய்ந்த இலையால் மூடாக்குப் போடுங்கள், ஆனால் தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டு.

அதிகம் வரும் புகார் இலை மஞ்சளாகிறது என்பது. எந்த இலை என்று பார்க்காமல் உரம் போடுவதில் பயனில்லை. கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மண்ணிலும் உப்பான போர்வெல் தண்ணீரிலும் வேரால் இரும்பை எடுக்க முடியாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து, 10 நாளுக்கு ஒரு முறையாக 3 தடவை மாலையில் தெளியுங்கள். மழைக்காலத்தில் மரம் முழுக்க வெளுத்துத் தொங்கினால் தண்ணீர் தேங்கி வேர் அழுகுகிறது. உடனே வடிகால் வெட்டுங்கள், உரம் போடாதீர்கள். இலை ஓரம் மட்டும் கருகினால் அது உப்பும் வெயிலும் செய்த வேலை.

எறும்பு ஏறி, இலையில் கரும்பூசணம் படிந்தால் கிளையில் செதில்பூச்சி இருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு அடியுங்கள். இலையை அங்கங்கே கடிக்கும் பச்சைப் புழு பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியினுடையது, மரம் பெரிதானால் பொருட்படுத்த வேண்டாம்.

மரம் தழைத்தும் பூக்கவில்லையா? வயது வராத விதைக்கன்று இல்லையென்றால் பெரும்பாலும் நிழலோ, யூரியாவோ காரணம். யூரியாவை நிறுத்தி, வருடம் இரு முறை தொழு உரமும் ஒரு கைப்பிடி எலும்புத் தூளும் கொடுங்கள். மொட்டு புதுத் துளிரின் இலைக்கக்கத்தில் வரும். ஆகவே கவாத்து பூ ஓய்ந்தபின் நுனிகளில் மட்டும். தடித்த கிளையை வெட்டினால் காயம் ஆற வெகுநாள் ஆகும். பூவை வெயில் ஏறுமுன், இதழ் பிரியத் தொடங்கும்போது பறியுங்கள். கிளையை வளைத்து இழுக்காமல் காம்போடு கிள்ளி எடுத்தால் அடுத்த மொட்டு உதிராது.