கரண்ட் போனதும் பாக்கெட் போய்ச் சேர்ந்தது

கோத்தகிரி வீட்டிலிருந்து ஊட்டியில் இருக்கும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பருக்கு 2 மீட்டர் பேண்ட் என்ற அலைவரிசையில் பாக்கெட், அதாவது தொனிகளாக மாற்றிய தரவுத் துண்டு, அனுப்பிப் பார்த்தேன். தரவை ஒலியாகவும் ஒலியைத் தரவாகவும் மாற்றும் மோடமாக லேப்டாப்பின் சவுண்ட் கார்டுதான், மென்பொருள் டயர்வுல்ஃப். குரலில் பேசினால் அவருக்கு நன்றாகக் கேட்கும். பாக்கெட் மட்டும் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. நடுவே 2,637 மீட்டருக்கு நிற்கும் தொட்டபெட்டாவைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். ஆனால் குரல் தாண்டுகிறதே!

ஒரு மழை நாளில் கரண்ட் போனது. லேப்டாப் அதன் பேட்டரியிலும், ரேடியோ 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடின. அனுப்பியது எல்லாம் போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் புரிந்தது, லேப்டாப் சார்ஜரும் ரேடியோவின் பவர் சப்ளையும் எர்த் வழியாகச் சேர்ந்து ஆடியோ கேபிளில் 'ம்ம்ம்' என்ற இரைச்சலைக் கலந்திருக்கின்றன. பாக்கெட் என்பது 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டே தொனிகள். பாக்கெட்டுக்கான ஏஎக்ஸ்.25 என்ற விதிமுறையில் ஒரு பிட் பிசகினாலும் பிழைச்சோதனையில் பாக்கெட் முழுவதும் தள்ளுபடி. காது பொறுத்துக்கொள்ளும் இரைச்சலை மோடம் பொறுக்காது.

சரி, ஆடியோ போகும், வரும் இரு வழியிலும் 600 ஓம் 1:1 டிரான்ஸ்பார்மர் வைத்தேன். ரேடியோவை டிரான்ஸ்மிட்டுக்கு மாற்றும் பிடிடி இணைப்புக்கு, சிக்னலை ஒளி வழியே கடத்தும் பிசி817 ஆப்டோகப்ளர். இப்போது லேப்டாப்புக்கும் ரேடியோவுக்கும் இடையே கேபிள் வழியாக நேரடிக் கம்பித் தொடர்பே இல்லை. அப்புறம் தொனிகள் சிதையாமல் இருக்க ஆடியோ அளவைப் பாதியாகக் குறைத்தேன். என் பழைய ரேடியோ டிரான்ஸ்மிட்டுக்கு மாறச் சற்று நேரம் எடுக்கும் என்பதால் தரவைத் தொடங்கும் முன் காத்திருக்கும் நேரமான டிஎக்ஸ்டிலேயை 30-லிருந்து 40 ஆக்கினேன், அதாவது 400 மில்லிசெகண்ட்.

கரண்ட் இருக்கும்போதும் இப்போது போய்ச் சேர்கிறது.